ஜெராக்ஸ் கடை ஜர்னலிசம்

ஜூன் 3

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நானும் மெஷினும் நலம். என் முழங்கால் மட்டும் எங்களோடு சேர மாட்டேன் என்கிறது. நீயும் என் பிள்ளையும் அங்கே வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் கேட்டால் அவன் ‘ம்’ என்கிறான். அந்த ‘ம்’மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அதுவும் கடையில் ஜெராக்ஸ் ஓடும்போது யார் பேசினாலும் எனக்குக் காதில் ஏறுவதில்லை. அதனால்தான் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். சிரிக்காதே, காரணம் நீதான். எதிரே பத்திரப்பதிவு ஆபீசுக்கு வந்த ஒரு அம்மாள் காப்பி எடுக்க வந்தாள். ‘உங்க மருமக என்ன பண்றா?’ என்றாள். ‘பேப்பர்ல இருக்கா’ என்றேன். ‘பாவம், விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வீடு வீடா போடணுமே, சைக்கிளா வண்டியா?’ என்றாள். ‘நியூஸ் எழுதறவம்மா’ என்றேன். ‘ஓ, டைப்பிங்கா’ என்றாள். எனக்கு வந்த கோபத்தில் அவள் பத்திரத்தைத் தலைகீழாகக் காப்பி எடுத்துக் கொடுத்துவிட்டேன்.

வகுப்பு நடத்துகிறவர் எந்த வெயிலிலும் டை கட்டிக்கொண்டு வருவார். அதனால் அவர் எங்களுக்கு டை சார். அவர் முறையே தனி. ஆளுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. அதை வைத்து அன்றாடம் பேசுகிற மாதிரி ஐந்து வாக்கியம். வகுப்பில் ஒப்பித்தால் போதாது. வெளியே நிஜ மனுஷர்களிடம் பேசி, அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று வந்து சொல்லவேண்டும். பக்கத்துக் கடைத் தையல்காரரும் என்னோடு படிக்கிறார். அவருக்குக் ‘குடை’ கிடைத்தது. எனக்குக் ‘காலைச் சாப்பாடு’ கொடுத்தார். ‘அதெல்லாம் வேணாம் சார், என் மருமக பண்ற வேலைக்கு இங்கிலீஷ்ல என்ன பேரோ அதைக் குடுங்க’ என்றேன். கொடுத்தார். ஜர்னலிசம். சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். வாய்க்கு நன்றாகத்தான் இருக்கிறது.

ஐந்து வாக்கியம் நீ எழுதி அனுப்பு. மாதக் கடைசியில் அங்கே வந்து நாலு நாள் இருக்கலாம் என்று நினைக்கிறேன். உன் ஆபீசில் நீ உட்காரும் நாற்காலியைப் பார்க்கவேண்டும்.

கடை வாசலில் குழாய் போடப் பள்ளம் தோண்டிவிட்டுப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. பலகை போட்டுத்தான் ஆட்கள் உள்ளே வருகிறார்கள். வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அத்தை


ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். இங்கே இருவரும் நலம். உங்கள் பிள்ளையின் ‘ம்’மில் சாப்பாடு இருக்கிறது, நான் சாட்சி. முழங்காலுக்கு டாக்டரிடம் போனீர்களா? போன தடவையும் கேட்டேன். நீங்கள் மெஷினுக்கு மை மாற்றிய கதையைச் சொன்னீர்கள்.

இங்கிலீஷ் வகுப்பு விஷயத்தை வாசித்ததும் உங்கள் பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, ‘இனிமே அம்மா ரெண்டு பாஷைல திட்டும்’ என்றார். எனக்கு உங்களை நினைத்து ஒரே பெருமை.

ஐந்து வாக்கியங்களையும் தனித்தாளில், உச்சரிக்க வசதியாகத் தமிழ் எழுத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன். அர்த்தமும் கீழேயே இருக்கிறது. ஜர்னலிசம் சமுதாயத்தின் கண்ணாடி. ஜர்னலிசம் மக்களாட்சியின் தூண். இப்படிப் போகும். எங்கள் கல்லூரிப் புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே இருந்தவை.

எனக்கு வேலை எப்போதும்போல. மாதக் கடைசியில் இங்கே மழை அதிகமாக இருக்கும் என்கிறார்கள். சமையலறைச் சுவரில் வேறு ஓதம் ஏறியிருக்கிறது. யோசித்துக் கிளம்புங்கள். காலை ரொம்ப நேரம் தொங்கப்போட்டு உட்காராதீர்கள்.

உங்கள் அன்பு மருமகள்


ஜூன் 22

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நலமறிய ஆவல். ஆனால் முதலில் சண்டை.

உன் கண்ணாடி வாக்கியத்தைக் காய்கறிக்காரரிடம் சொன்னேன். முதலில் இங்கிலீஷில், அப்புறம் அவருக்காகத் தமிழில். ‘கண்ணாடிக் கடை அடுத்த தெரும்மா’ என்றார். தூண் வாக்கியத்தை பேங்கில் சொன்னேன். ‘டோக்கன் எடுத்தீங்களா?’ என்றார்கள். வகுப்பில் போய்ச் சொன்னதும் டை சார் தலையில் கை வைத்துக்கொண்டார். ‘உப்பைக் கொஞ்சம் இப்படித் தள்ளு, ஜர்னலிசம் சமுதாயத்தின் கண்ணாடின்னு எந்த வீட்லயாவது பேசுவாங்களாம்மா? மனுஷன் மனுஷன்கிட்ட சொல்ற மாதிரி கொண்டாங்க’ என்றார். தையல்காரர் குடையை வைத்து நாலு வாக்கியம் முடித்துவிட்டார். என் மானம் போகிறது. உங்கள் ஆபீசில் அந்த வார்த்தையை எப்படிச் சொல்கிறீர்களோ அதை எழுது.

இன்னொன்று. உன் பேர் போட்ட செய்தி ஏப்ரலுக்குப் பிறகு ஏன் ஒன்றுகூட வரவில்லை? பேப்பர் இங்கே ஒரு நாள் தாமதமாக பஸ்ஸில் வந்தாலும் நான் ஒரு வரி விடுவதில்லை. நீ எழுதினதை எல்லாம் வெட்டி லேமினேட் செய்து கடையில் மாட்டியிருக்கிறேன். அடுத்ததற்காக அடித்த ஆணி சும்மா இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்லவேண்டும். உங்கள் பேப்பரில் இப்போது ராசிபலன் பிரமாதம். நட்சத்திரநேசன் என்று யாரோ புதிதாக எழுதுகிறார். என்னைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர் மாதிரி எழுதுகிறார். போன வாரம் என் ராசிக்கு, ‘மழைக்காலப் பயணத்தைத் தள்ளிப்போடவும்’ என்று போட்டிருந்தது. நீயும் மழை என்றாய். அதனால் நான் இப்போதைக்கு வரவில்லை.

சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொல். ஓதம் நெஞ்சுக்கு ஆகாது.

அத்தை


ஜூலை 19

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். பதில் இவ்வளவு தாமதமானதற்கு மன்னிக்கவேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை. இருவரும் நலம். சுண்ணாம்பு அடித்தாயிற்று.

உங்களுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு ஆபீசில் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தை அங்கே யார் வாயிலும் வருவதில்லை, அத்தை. ‘மேட்டர் வந்துச்சா’, ‘பக்கம் முடிஞ்சுதா’, ‘டீ சொல்லியாச்சா’. அவ்வளவுதான். வெளியே இருப்பவர்கள்தான் சொல்கிறார்கள். நாங்கள் வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் கேட்டார், ‘ஜர்னலிசமா? அப்ப வீட்டுக்குப் போலீஸ் வருமா?’ என் சித்தப்பா எந்தக் கல்யாணத்தில் பார்த்தாலும், ‘ஜர்னலிசம் சரிம்மா, வேலை எங்க பாக்கறே?’ என்பார். இரண்டையும் இங்கிலீஷில் எழுதியிருக்கிறேன். இவை மனுஷர்கள் சொன்னவைதான்.

பேர் வராததைக் கேட்டிருந்தீர்கள். இப்போது பேர் போடாத ஒரு பக்கத்தில் வேலை. அது அப்படித்தான் முறை. ஆணியில் வேறு ஏதாவது மாட்டுங்கள்.

ராசிபலனை எல்லாம் அப்படியே நம்பாதீர்கள், அத்தை. எழுதுகிறவரும் மனுஷர்தானே. ஆனால் முழங்காலைப் பற்றி ஏதாவது எழுதியிருந்தால் மட்டும் கேளுங்கள்.

உங்கள் மருமகள்


ஜூலை 28

அன்புள்ள மருமகளுக்கு,

நலம் நலம் நலம். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டே எழுதுகிறேன். உட்கார முடியாத அளவுக்குச் சந்தோஷம்.

மூன்றாவது வாக்கியத்தை நானே செய்தேன். ‘மை டாட்டர் இன் லா இஸ் இன் ஜர்னலிசம்.’ என் மருமகள் பத்திரிகைத் தொழிலில் இருக்கிறாள். டை சார் இதுதான் வாக்கியம் என்றார். யாரிடம் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்த வாரம் உங்கள் நட்சத்திரநேசன் என் ராசிக்கு, ‘தள்ளிப்போட்டுவரும் சந்திப்பை இனியும் தள்ளாதீர்கள். கூச்சப்படாமல் உங்கள் கஷ்டத்தைச் சொல்லுங்கள். நிவாரணம் உண்டு’ என்று எழுதியிருந்தார். நான் தள்ளிப்போட்ட சந்திப்பு எது? நகராட்சி என்ஜினியர்தானே?

அதற்கு முதல் நாள்தான் தையல்காரர் பலகையில் வழுக்கிப் பள்ளத்தில் விழுந்து, வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டு வந்து நின்றார். கத்தரிக்கோல் பிடிக்க முடியவில்லை. என்ஜினியரைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பலகை மேலேயே நிற்கவைத்து, ‘எப்ப சார் மூடுவீங்க?’ என்றேன்.

‘ஃபைல் மேல போயிருக்கும்மா.’

‘பள்ளம் கீழதானே சார் இருக்கு.’

அவர் கிளம்பத் திரும்பினார். அப்போது விட்டேன் மூன்றாவது வாக்கியத்தை. மனுஷன் நின்றுவிட்டார். ‘எந்தப் பேப்பர் மேடம்?’ என்றார். அதுவரை அம்மாவாக இருந்தவள் மேடமாகிவிட்டேன். பேப்பர் பேரைச் சொன்னேன். அதே சூட்டில் நாலாவதையும் சொன்னேன், ‘ஜர்னலிசம் இஸ் கமிங்.’ வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘வரட்டும் மேடம். ஆகஸ்ட் இருபதாம் தேதி நானே ஃபைலோட இங்க வரேன். அவங்க கேக்கட்டும், நான் பதில் சொல்றேன்’ என்றார். வரிசைக் கடைக்காரர்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தையல்காரர் இடது கையால் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆகவே இருபதாம் தேதி நீ இங்கே இருக்கவேண்டும். வராவிட்டால் நான் கடையைச் சாத்திவிட்டு வேறு ஊருக்குப் போகவேண்டியதுதான். ஆணியில் வேறு எதையும் மாட்டவில்லை. என் பிள்ளைக்கு ஆசிகள்.

அத்தை


ஆகஸ்ட் 5

அம்மாவுக்கு,

நலம். நான் லிஃப்ட் பழுதுபார்க்கும் கட்டடம் ஒன்றில் இரண்டும் நின்றுவிட்டன, அதனால் எனக்கு ஓய்வில்லை. அவள் உனக்கு நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்துவிட்டாள். ஐந்தாவது வரும். வந்ததும் கத்தாதே.

உன் மகன்


ஆகஸ்ட் 9

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் இருக்கவேண்டும்.

நான் இப்போது நிருபர் இல்லை. ஏப்ரலில் எங்கள் ஆபீசில் ஆள் குறைத்தார்கள். எடிட்டர் என்னைக் கூப்பிட்டு, ‘ராசிபலன் எழுதறவர் போயிட்டார். அதை எழுதறதுன்னா இரு, இல்லன்னா பாத்துக்கலாம்’ என்றார். இருந்துவிட்டேன். உங்கள் நட்சத்திரநேசன் நான்தான், அத்தை. பன்னிரண்டு ராசிக்கும் வாராவாரம் நானேதான் எழுதுகிறேன். கிரகங்கள் எனக்குச் சொந்தமும் இல்லை, பழக்கமும் இல்லை.

உங்களிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சொன்ன அத்தனை சொந்தக்காரர்களையும், ‘அவ எழுதறதை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு?’ என்று கேட்டு வாயடைத்தவர் நீங்கள். அந்த வேலை இப்படி ஆகிவிட்டது என்று எந்த முகத்தோடு எழுதுவேன்?

உங்கள் ராசிக்கு எழுதும்போது மட்டும் உங்களை நினைத்துத்தான் எழுதினேன். தள்ளிப்போட்ட சந்திப்பு என்றது முழங்கால் டாக்டரை. நீங்கள் என்ஜினியரிடம் போவீர்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

இருபதாம் தேதி நான் வந்து என்ன கேட்பது? கேட்டாலும் எங்கே போடுவது? அவர், ‘நீங்க நிருபரா?’ என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? தெருவில் உங்கள் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். எனக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடுங்கள். என்னை மன்னித்துவிடுங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 13

மருமகளுக்கு,

நலம் விசாரிப்பு கடைசியில்.

உன் கடிதத்தை மெஷினை நிறுத்திவிட்டுப் படித்தேன். படித்து முடித்ததும் மறுபடி ஓடவிட்டேன், நான் கத்துவது வெளியே கேட்கக்கூடாது என்று. வேலை போனதற்கு நான் கோபப்படவில்லை. அது உன் தப்பா? மழைக்காலப் பயணத்தைத் தள்ளிப்போடச் சொன்னாயே, அதற்குத்தான் கோபம். நான் வந்தால் உன் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று, ஊரில் என் ராசிக்காரர்கள் அத்தனை பேரையும் வீட்டோடு உட்காரவைத்துவிட்டாய். எத்தனை பேர் பஸ் டிக்கெட்டை ரத்து செய்தார்களோ. மனசு விட்டுச் சொல்லியிருந்தால் நான் அன்றே கிளம்பி வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எனக்கு வருத்தமாக இருந்தது. அழுதேன். போதும், முடிந்தது.

இப்போது கேட்கிறேன். ராசிபலன் எழுதுகிறவள் கேள்வி கேட்கக்கூடாது என்று எங்கேயாவது சட்டம் இருக்கிறதா? உன் வாயை எடிட்டர் வாங்கி வைத்துக்கொண்டாரா? ‘நிருபரா?’ என்று என்ஜினியர் கேட்டால் உண்மையைச் சொல். எந்தப் பக்கத்தில் எழுதுகிறாய் என்று சொல். அப்புறம் பள்ளத்தைப் பற்றிக் கேள். பள்ளம் உன் பதவியைப் பார்த்தா இருக்கிறது?

பத்தொன்பதாம் தேதி பஸ்ஸில் உன்னை எதிர்பார்ப்பேன். லிஃப்ட் எத்தனை நின்றாலும் என் பிள்ளை உன்னை ஏற்றிவிட வரட்டும்.

வயிற்றைக் காயப்போடாதே. கவலையில் சாப்பிடாமல் இருக்கிற பழக்கம் உனக்கு உண்டு.

அத்தை


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். சௌக்கியமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்ததை பஸ்ஸிலேயே முடித்துவிட்டேன். டாக்டர் சொன்ன மாத்திரையை நிறுத்தாதீர்கள். உங்களைக் கையைப் பிடித்து அங்கே கூட்டிப்போனதுதான் இந்தப் பயணத்தில் என் முதல் வெற்றி.

இரண்டாவது வெற்றி எனக்கே நம்பமுடியவில்லை. அன்று என்ஜினியர், ‘நீங்கதான் நிருபரா?’ என்றார். ‘இப்ப ராசிபலன் எழுதறேன் சார். முன்னாடி நிருபர். கேக்கலாமா?’ என்றேன். அவர் சிரித்துவிட்டு, ‘என் ராசியைச் சொல்லிட்டுக் கேளுங்க’ என்றார். அப்புறம் எப்படிக் கேட்டேன் என்றே தெரியவில்லை. யார் தோண்டச் சொன்னது, ஏன் நின்றது, யாரிடம் கிடக்கிறது. அவர் ஃபைலைப் பிரித்துக் காட்டினார். குழாய் அனுப்பச் சொல்லித் தலைமை ஆபீசுக்கு அவர் மூன்று தடவை எழுதியிருக்கிறார். மூன்றுக்கும் பதிலில்லை. நீங்கள் அப்போது தையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். நாலு மாதம் கழித்து ஒருத்தரிடம் ‘ஏன்’ என்று கேட்டேன், அத்தை. அன்று நன்றாகத் தூங்கினேன்.

வந்ததும் செய்தியை எழுதி எடிட்டரிடம் கொண்டுபோனேன். மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ‘அந்த ஊர்ப் பள்ளம் நம்ம வாசகருக்கு எதுக்கு? மீன ராசி எங்க?’ என்றார். மீன ராசியைக் கொடுத்துவிட்டு வந்தேன். செய்தியை உங்களுக்கு அனுப்புகிறேன். என் பேரும் போட்டிருக்கிறேன், ஆசைக்கு. இது அச்சில் வந்ததில்லை, அதனால் ஆணிக்குப் போகவேண்டாம்.

உங்கள் மருமகள்


செப்டம்பர் 8

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். முழங்கால் மாடி ஏறுகிறது. நீங்கள் இருவரும் நலமா?

நீ சொன்னபடி ஆணியில் மாட்டவில்லை. ஜெராக்ஸ் எடுத்தேன். நானூறு. உன் எடிட்டருக்கு வேண்டாமென்றால் போகட்டும், எனக்கு மெஷின் இருக்கிறது. தலையில் பெரிய எழுத்தில், ‘எங்கள் தெருச் செய்தி’, கீழே உன் பேர். காப்பி எடுக்க வருகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. பத்திரப்பதிவு ஆபீஸ் வரிசையில் தையல்காரர் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். கைக்கட்டோடு கொடுத்ததால் யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை.

ஒரே வாரம். லாரி வந்தது, குழாய் இறங்கியது, பள்ளம் மூடியாகிவிட்டது. மேலே தார்கூடப் போட்டார்கள். பலகையை எடுத்துக் கடைக்குள் அலமாரி ஆக்கிவிட்டேன்.

நீ எழுதினதில் கடைசிப் பத்தியை மட்டும் எடுத்துவிட்டேன், என்ஜினியர் மூன்று தடவை எழுதினார் என்கிற பத்தி. ஒரு பக்கத்தில் அடங்கவில்லை. அதோடு, அவருக்கு நாம் எதற்கு வக்காலத்து வாங்கவேண்டும்? அவர் வந்தபோது தையல்காரர் காகிதத்தை அவர் முன்னாலேயே சத்தமாகப் படித்தார். எல்லோரும் சிரித்தார்கள். மனுஷன் ஃபைலை இடுக்கிக்கொண்டு போய்விட்டார். மறுநாள் அவர் மகள் பள்ளிக்கூடச் சான்றிதழ் காப்பி எடுக்க வந்தாள். அவளிடமும் ஒன்று போய்ச் சேர்ந்துவிட்டது. படித்துவிட்டு, எடுத்த காப்பியைக்கூட வாங்காமல் போய்விட்டாள்.

டை சார் என் நாலு வாக்கியத்துக்கும் கைதட்டினார். ஐந்தாவது ஒன்று யோசித்து அனுப்பு. நீ இப்போது ஊரில் பிரபலம், தெரியுமா?

அத்தை


செப்டம்பர் 13

அத்தைக்கு,

வணக்கம். நாங்கள் நலம்.

அந்தக் கடைசிப் பத்தியை எடுக்க உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இடம் போதவில்லை என்றால் முதல் பத்தியைக் குறைத்திருக்கலாம். பின்பக்கத்தில் போட்டிருக்கலாம். அவர் நம்மை நம்பி ஃபைலைத் திறந்து காட்டினார். அவர் சொன்னதை மறைத்துவிட்டு, அவரைத் தெருவில் நிற்கவைத்துச் சிரித்திருக்கிறீர்கள். அதன் கீழே என் பேர் இருக்கிறது. அந்தப் பெண் காப்பியை வாங்காமல் போனாளே, அது உங்களுக்கு உறுத்தவில்லையா?

அத்தை, அது ஜர்னலிசம் இல்லை.

விட்ட பத்தியைப் போடவேண்டும். நானூறு பேருக்கும் போகவேண்டும். அதுவரை எனக்கு வேறு எதுவும் எழுத மனமில்லை.

மருமகள்


அக்டோபர் 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலம். நீயும் அவனும் நலமாக இருக்கவேண்டும்.

உன் கடிதம் வந்ததும் எனக்குச் சுருக்கென்று கோபம்தான் வந்தது. என் மெஷின், என் மை, என் காகிதம், எனக்கே உத்தரவா என்று ஒரு நாள் பூராவும் வருகிறவர்களிடம் எல்லாம் எரிந்து விழுந்தேன். மாமியாருக்கு இப்படி எழுதுவாளா ஒரு மருமகள் என்று தையல்காரரிடம் படித்துக் காட்டினேன். அவர் கேட்டுவிட்டு, ‘அவங்க சொல்றது சரிதானேம்மா’ என்றார். கட்டு அவிழ்த்ததும் மனுஷனுக்குத் தைரியம் வந்துவிட்டது.

அந்தப் பெண்ணின் சான்றிதழ் காப்பி கல்லாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. உறுத்தவில்லையா என்று கேட்டாய். உறுத்தியது. அதனால்தான் அதை உனக்கு எழுதினேன் போலிருக்கிறது. எடுத்துக்கொண்டு என்ஜினியர் வீட்டுக்குப் போனேன். ‘சார், உங்க பத்தியை நான்தான் எடுத்தேன். என் மருமக எழுதித்தான் குடுத்தா’ என்றேன். அவர் உட்காரச் சொன்னார். இன்னொன்றும் தெரியவந்தது. அவருடைய மூன்றாவது கடிதத்துக்குத்தான் குழாய் வந்திருக்கிறது. நம் காகிதம் வெளியே வருவதற்கு முன்பே லாரி கிளம்பிவிட்டதாம். நம்மால் மூடியது என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, அது நம்மால் இல்லை. அவர் அதையும் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மறுநாளே இன்னொரு நானூறு போட்டேன். விட்ட பத்தி முழுதாக, அதன் கீழே குழாய் வந்த விவரம், அதன் கீழே ‘முதல் காகிதத்தில் இதை நீக்கியது ஜெராக்ஸ் கடைக்காரி, எழுதியவர் அல்ல’ என்று. தையல்காரர் அதே வரிசையில் நின்று, அதே சத்தத்தோடு படித்தார். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் நேற்று இன்னொரு சான்றிதழோடு வந்தாள். காப்பி நன்றாக வந்திருக்கிறது என்றாள்.

ஐந்தாவது வாக்கியத்தை நேற்று வகுப்பில் சொன்னேன். ‘தட் இஸ் நாட் ஜர்னலிசம்.’ டை சார், ‘இது யார் யாருக்குச் சொன்னது?’ என்றார். ‘என் மருமக எனக்குச் சொன்னா சார்’ என்றேன். ‘நீங்க என்ன பதில் சொன்னீங்க?’ என்றார். ‘நானூறு காப்பி எடுத்தேன்’ என்றேன். அவர் டையைத் தளர்த்திக்கொண்டார். அப்புறம், இத்தனை நாளில் வீட்டில் ஒருத்தர் ஒருத்தருக்குச் சொன்ன வாக்கியம் இது ஒன்றுதான் வந்திருக்கிறது என்றார்.

ஏப்ரலிலிருந்து நீ எனக்கு எழுதிய கடிதம் எல்லாம் பயந்து பயந்து எழுதியவை. மழை, சுவர், சுண்ணாம்பு. இந்தக் கடிதத்தில் மாமியார் என்றும் பார்க்கவில்லை, கடை யாருடையது என்றும் பார்க்கவில்லை. ராசிபலன் எழுதுகிறவள் என் மனதைக் குளிரவைத்துக்கொண்டே இருப்பாள். என்னை இப்படித் திட்டியவள் நிருபர். அது உன் எடிட்டருக்குத் தெரியவேண்டும்.

இரண்டு காகிதத்திலும் ஒவ்வொன்று இதோடு வைத்திருக்கிறேன். லேமினேட் செய்திருக்கிறேன், கசங்காது. அவர் மேசையில் நீயே கொண்டுபோய் வை. இரண்டாவது காகிதத்தை மேலே வை.

அத்தை